சாத்தூர் போன்

ஜூன் 9

காலை ஏழரைக்குத் தம்பி நெல்லையப்பனுக்குப் போன் வந்தது. சாத்தூரிலிருந்து அவன் மாமியாரின் தம்பி பேசினார். பால் வாங்க எழுந்து வந்த மாமியார் பிச்சம்மாள் வாசற்படியில் உட்கார்ந்தவள்தானாம், பிறகு எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வயது ஐம்பத்திரண்டு.

தம்பி போனைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். முப்பத்தொரு வயதாகிறது, இன்னும் எதற்கும் என் முகத்தைத்தான் பார்ப்பான். அவன் மனைவி ஆவுடை உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. ஒற்றை மகள். தகப்பன் அவளுடைய சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மாவை விட்டால் அவளுக்கு ஆள் கிடையாது.

"அவட்ட சொல்லக் கூடாது" என்றேன்.

"பெத்த தாயாச்சே அக்கா. எப்படிச் சொல்லாம இருக்க முடியும்?"

"எனக்கு ஏழாம் மாசத்துல அப்பா செத்ததச் சொன்னாவளே, என்ன ஆச்சு? மறந்துட்டியால?"

அவன் தலையைக் குனித்துக்கொண்டான். ஆபீஸ் வேலையாக விருதுநகர் போவதாக ஆவுடையிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான். பாடையைத் தொடாதே என்று சொல்லி அனுப்பினேன். பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் தொடக் கூடாது.

ஜூன் 10

கொள்ளி வைத்தது தாய்மாமன். பிரசவம் ஆகும்வரை மூச்சு விட மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். நல்ல மனுஷன். பிச்சம்மாளின் போனைத் தம்பியிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். அங்கே இருந்தால் யாராவது எடுத்து உளறிவிடுவார்கள்.

போனில் ஆவுடையின் தவறிய அழைப்புகள் ஐந்து.

பிச்சம்மாள் பேசாததற்கு ஒரு வகையில் காரணம் தயாராகவே இருந்தது. போன வாரம் தாய்க்கும் மகளுக்கும் சண்டை. தலைப்பிரசவத்துக்குச் சாத்தூர் வரச் சொல்லியிருக்கிறாள் தாய். "அங்க கக்கூஸ் கொல்லைல இருக்கு, நிறைமாசத்துல நான் எப்படி நடப்பேன், வரமாட்டேன்" என்று இவள் பட்டென்று சொல்லிவிட்டாள். பிச்சம்மாள் பதில் பேசாமல் போனை வைத்துவிட்டாளாம். அந்தக் கோபம்தான் தீரவில்லை என்று சொல்லிவிடலாம். தாய் மகள் கோபம் எந்த வீட்டில் இல்லை?

போனை அணைத்து வைத்தால் சந்தேகம் வரும், பஸ் ஏறிவிடுவாள். அடிக்க வேண்டும், எடுக்கக் கூடாது. சத்தத்தை மட்டும் நிறுத்தி என் அலமாரியில் வைத்திருக்கிறேன். பிச்சம்மாள் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள், தினமும் பிள்ளைகள் கணக்கைத் தட்டி அனுப்பிய கைதான். அதனால் ஒரே ஒரு செய்தி நானும் தட்டினேன். "கொஞ்ச நாள் என்னைக் கூப்பிடாதே. மனசு சரியில்லை."

பொய் இல்லை, மருந்து.

ஜூன் 11

ஆவுடை சாப்பிடவில்லை. கோபம் என்றால் இரண்டு வேளை சாப்பிடாமல் இருப்பாள், அவ்வளவுதான். சாவு என்றால்? எனக்குத் தெரியும்.

ஜூன் 27

இப்போது கூப்பிடுவதை விட்டுவிட்டாள். வாட்ஸப்பில் குரல் அனுப்புகிறாள். போனைச் சாப்பாட்டுப் பையில் வைத்து ஆபீசுக்கு எடுத்துப் போகிறேன். நகராட்சியில் எனக்குப் பிறப்பு இறப்புப் பிரிவு. மதியம் எல்லாரும் டீக்குப் போனதும் காதில் வைத்துக் கேட்டேன்.

"அம்மா, நான் தெரியாமச் சொல்லிட்டேன்மா. நான் சாத்தூருக்கே வாரேன். கொல்லைக்குப் போனா என்ன, நீயும் அப்படித்தான என்னைப் பெத்த. ஒரு வார்த்தை பேசும்மா."

ஒரு நிமிஷம் ஐந்து வினாடி. இரண்டு தடவை கேட்டேன். ஏதாவது விபரீதமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

ஜூலை 3

ஒரு தப்பு நடந்துவிட்டது. நாம் கேட்டதும் அந்தக் குட்டி மைக் படம் நீலமாகிவிடுமாம். அனுப்பியவளுக்கும் அது தெரியுமாம். ஆபீசில் ஒரு சின்னப் பெண் பேச்சுவாக்கில் சொன்னாள். ஆகவே இத்தனை நாளாக அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் இருக்கிறாள் என்று ஆவுடை நினைத்திருப்பாள்.

நினைக்கட்டும். கேட்காமல் விட்டால் என்னவோ ஏதோ என்று பயப்படுவாள். கேட்பதே நல்லது.

ஜூலை 16

நர்ஸ் வந்தது. புதுப் பெண், கையில் ஒரு படிவம். பத்துக் கேள்வி. தூக்கம் கெடுகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா, தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறதா. பிள்ளைத்தாய்ச்சியிடம் கேட்கிற கேள்வியா இது? ஆவுடை வாயைத் திறப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

"எல்லாம் நல்லா இருக்கா. ராணி மாதிரி வச்சிருக்கோம்."

"அவங்களே சொன்னா நல்லதுக்கா."

"அவ கூச்ச சுபாவம்மா. நீ போடு."

பத்துக்கும் 'இல்லை' போட்டுக்கொண்டு போயிற்று. மோர் கொடுத்தேன். எடைதான் ஏறவில்லையாம். இரும்பு மாத்திரையை விடாமல் போடச் சொன்னது.

ஆகஸ்ட் 4

இன்று குரல் எதுவும் வரவில்லை. மதியச் சாப்பாடு இறங்கவில்லை. வெண்டைக்காய் முற்றல்.

ஆகஸ்ட் 22

வளைகாப்பு. பந்தலுக்கு ஆள் வைத்தது, சாப்பாட்டுக்குச் சொன்னது, ஐந்து வகைச் சோறு கிண்டியது எல்லாம் நான். வளையல் போடும்போது மட்டும் அடுக்களையில் இருந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன். பிள்ளையை இழந்தவள், புருஷன் விட்டுப் போனவள், எதற்கு வம்பு?

தாய் வீட்டுச் சீர் எங்கே என்று பக்கத்து வீட்டுக்காரி உரக்கக் கேட்டாள். "அவங்களுக்கு உடம்பு முடியல" என்றேன். ஆவுடை அப்போது வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் கழுத்து திரும்பியது. கடைசிப் பந்தி எழுந்த பிறகு திரும்பவில்லை.

சாயந்திரம் வந்த குரல் பதினோரு வினாடி. "நீ வரலைல்ல. சரி." அவ்வளவுதான். அழுகைகூட இல்லை. அழுகை நின்றது நல்லதுதான்.

ஆகஸ்ட் 30

அப்பா போன பத்தொன்பதாவது வருஷம். என் மாமியார் சொன்ன வார்த்தையை இங்கே எழுத வேண்டாம் என்றுதான் வருஷா வருஷம் நினைக்கிறேன். "அழுதழுதே பிள்ளைய வயித்துலயே கொன்னுட்டா." ஒன்பது நாள் அழுதேன். பத்தாவது நாள் பிறந்தது. மூச்சு இல்லை. நன்றாகச் சிவப்பாக இருந்தது.

இவளுக்கு அது வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரும் நன்றி சொல்லப் போவதில்லை.

செப்டம்பர் 18

"அம்மா. துணி காயப்போட மாடிக்குப் போறேன்ல, கைப்பிடிச் சுவர்ட்டப் போய் நிக்குதேன். கீழ கிணத்தடிக் கல்லு தெரியுது. எவ்வளவு நேரம் நிக்குதேன்னே தெரியமாட்டேங்குது. இன்னைக்கு ஒரு கால எடுத்து வச்சேன். இது யார்ட்டயும் சொல்லல. உன்ட்டதான் சொல்லுதேன்."

மதியம் இரண்டு சாவுச் சான்றிதழில் தேதியை மாற்றி எழுதிவிட்டேன். மேலாளர் கத்தினார்.

செப்டம்பர் 19

மாடிக் கதவின் பழைய பூட்டு துருப்பிடித்திருந்தது. புதுப் பூட்டு வாங்கிப் போட்டேன். சாவி என் இடுப்பில். துணியைப் பின்வாசல் கொடியிலேயே காயப்போடச் சொன்னேன். குரங்குத் தொல்லை என்றேன்.

ஆவுடை மாடிப்படியில் ஏறிப் போனாள். பூட்டைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். இறங்கி வந்து, "புதுப் பூட்டா மதினி?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி மதினி" என்றாள்.

செப்டம்பர் 24

தெளிந்துவிட்டாள் என்றுதான் தோன்றுகிறது. குரல்கள் தினமும் வருகின்றன, ஆனால் மன்னிப்புக் கேட்பதில்லை. 'அம்மா' என்றும் தொடங்குவதில்லை. நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறாள். நேற்று, "சோறே பிடிக்கல. புளிச்சோறும் பருப்புத் தொவையலும் இருந்தா ரெண்டு வாய் இறங்கும்" என்றாள்.

இன்று புளிச்சோறு செய்தேன். என்னவோ எனக்கும் தோன்றியது. நன்றாகச் சாப்பிட்டாள். சாப்பிடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த 'அம்மா' இல்லாமல் ஏதோ ஒன்று குறைகிறது. என் காதில் வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

செப்டம்பர் 29

"பதினஞ்சு நாளா தூக்கம் இல்ல. தலைக்குள்ள ஏதோ ஓடிக்கிட்டே இருக்கு. பிள்ளை உதைக்குது, ஆனா அது யாரோ பக்கத்து வீட்டுக் கதவத் தட்டுத மாதிரி இருக்கு. எனக்கு ஒரு டாக்டரப் பாக்கணும். மனசுக்குப் பாக்குத டாக்டர். இதக் கேக்குதவங்க யாரா இருந்தாலும் கூட்டிட்டுப் போங்க."

யாராக இருந்தாலும் என்றால் என்ன அர்த்தம்? தூக்கமில்லாததால் உளறுகிறாள்.

எங்கள் தென்காசியில் அந்த டாக்டர் இருப்பது பஸ் நிலையத்துக்கு எதிரே. அவர் வாசலில் நின்றால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும், வேலாயுதம் பிள்ளை வீட்டு மருமகளுக்குப் பைத்தியம் என்று. இன்னும் மூன்று வாரம். பிள்ளை முகத்தைப் பார்த்தால் எல்லாம் போய்விடும். பாலில் ஜாதிக்காய் அரைத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அக்டோபர் 8

ஆண் பிள்ளை. காலை 10.40. இரண்டு கிலோ நூறு. கொஞ்சம் குறைவுதான், ஆனால் மூச்சு இருக்கிறது. அழுகிறது. நான்தான் முதலில் வாங்கினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன், எழுதுவதில் என்ன வெட்கம்.

என் அப்பா பெயர்தான், வேலாயுதம்.

ஆவுடையிடம் காட்டினேன். பார்த்தாள். "மூச்சு விடுதா?" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அசதி.

அக்டோபர் 24

பெயர் வைத்தாயிற்று. இனிமேல் சொல்லிவிடலாமா என்று தம்பி கேட்டான். பால் வற்றிவிடும் என்றேன். பிள்ளைக்குப் பால் முக்கியம்.

நவம்பர் 12

பால் வற்றிவிட்டது. டின் பால்.

ஜனவரி 20

பொங்கல் முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். பிள்ளைக்குச் சளி. சளி போகட்டும்.

பிரசவத்துக்குப் பிறகு சாத்தூர் போனுக்குக் குரல் வருவதில்லை. ஆனாலும் சார்ஜ் போட்டு வைக்கிறேன்.

பிப்ரவரி 26

அழாத பிள்ளை. ஈரத்துணியோடு கிடந்தாலும் அழுவதில்லை. வரம் என்கிறார்கள். நாலரை மாதம் ஆகிறது, இன்னும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. நெல்லையப்பனும் லேட்டாகத்தான் சிரித்தான் என்று நினைக்கிறேன். சரியாக நினைவில்லை.

ஆவுடை குறை வைப்பதில்லை. நேரத்துக்குக் குளிப்பாட்டுகிறாள், பால் கொடுக்கிறாள், துணி மாற்றுகிறாள், தொட்டிலில் போடுகிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. கடையில் துணி மடித்து வைப்பவளிடம்கூடக் கொஞ்சம் கவனம் இருக்கும். தாய் பிள்ளையைப் பார்ப்பதில்லை, பிள்ளை தாயைப் பார்ப்பதில்லை. இரண்டும் மேலே சுற்றுகிற காத்தாடியைப் பார்க்கின்றன.

மே 14

ஏழு மாதம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. கிலுகிலுப்பை ஆட்டினேன். தட்டைத் தட்டினேன். காது கேட்கவில்லையோ என்று தம்பி அழுகிறான். இவன் அழுது என்ன செய்ய?

ஜூலை 2

திருநெல்வேலியில் குழந்தை டாக்டரம்மாவிடம் போனோம். காதுப் பரிசோதனை செய்தார்கள். காது நன்றாகக் கேட்கிறதாம்.

டாக்டரம்மா குழந்தையை மடியில் வைத்து முகத்துக்கு நேரே நாக்கை நீட்டினார், பேசினார், சிரித்தார். அது அவர் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. "மாசமா இருக்கும்போது அம்மாவுக்கு மனசுல ஏதாவது பெரிய கஷ்டம் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்ல டாக்டர். ராணி மாதிரி வச்சிருந்தோம்."

"நான் அவங்களக் கேக்குறேன்."

ஆவுடை நிமிர்ந்தாள். ஒரு வருஷத்தில் இவ்வளவு நேராக அவள் என்னைப் பார்த்ததில்லை. "மதினிக்கு எல்லாம் தெரியும் டாக்டர். அவங்ககிட்டயே கேளுங்க" என்றாள்.

டாக்டரம்மா எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். இந்த ஒன்றால்தான் என்று சொல்ல முடியாது. எடைக்குறைவும் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் வயிற்றில் இருக்கும்போது தாய் மாதக்கணக்கில் துன்பப்பட்டால் அது குழந்தையையும் தொடும். பிறந்த பிறகு தாய் முகம் மூடியே கிடந்தால் குழந்தை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கூப்பிடுவதையே விட்டுவிடும். "அவங்க குத்தம் இல்ல. அது நோய். முதல்ல அம்மாவுக்கு வைத்தியம் பாருங்க. போன வருஷமே கூட்டிட்டு வந்திருக்கலாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. சாவைச் சொல்லியிருந்தால் பிள்ளையே இருந்திருக்காது. இந்தப் படித்தவர்களுக்கு என்ன தெரியும்?

ஜூலை 3

ஆபீசுக்குப் போகவில்லை. ஆவுடை குளிக்கப் போயிருந்தாள். அலமாரியைத் திறந்து சாத்தூர் போனை எடுத்தேன். சும்மாதான். அந்தப் பழைய குரல்களில் ஒன்றைப் போட்டேன். சத்தம் கூடுதலாக இருந்திருக்கிறது.

"அம்மா, நான் தெரியாமச் சொல்லிட்டேன்மா..."

பாயில் கிடந்த பிள்ளை கையை ஆட்டுவதை நிறுத்தியது. தலையைத் திருப்பியது. என் பக்கம் அல்ல, போன் பக்கம். அடுத்ததைப் போட்டேன். அதற்கடுத்ததும். அந்த அழுகைக் குரலைக் கண் விரித்துக் கேட்டது. குரல் நின்றதும் தேடியது. எத்தனை தாலாட்டுப் பாடியிருக்கிறேன், ஒன்றுக்கும் திரும்பாத பிள்ளை. வயிற்றுக்குள் அது கேட்டு வளர்ந்த பேச்சு இது ஒன்றுதான் போலிருக்கிறது.

மாடியைப் பற்றிய குரலுக்கு, சின்னதாக ஒரு சத்தம் கொடுத்தது. அது சிரிப்பு என்று எழுதக் கை வரவில்லை.

ஜூலை 4

சொல்லிவிட்டேன். தம்பியையும் உட்காரவைத்துக்கொண்டு போனை அவள் முன்னால் வைத்தேன். "ஆவுடை, உங்க அம்மா..."

"தெரியும் மதினி."

தம்பிதான் பதறினான். "எப்ப தெரியும்? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. மாடில நிக்குதத அம்மாட்ட மட்டும்தான் சொன்னேன். மறுநாள் மதினி பூட்டு போட்டாங்க. போன் இந்த வீட்டுல இருக்குன்னா எங்கம்மா எங்க இருப்பா? அவ கைய விட்டு அந்தப் போன் இறங்காது."

"பெறகும் பேசிட்டே இருந்தியே" என்றேன்.

"நீங்க கேட்டுட்டு இருந்தீங்கல்ல. இந்த வீட்டுல வேற யாரு கேட்டா? புளிச்சோறு கேட்டேன், செஞ்சீங்க. சரி, நல்லவங்கதான்னு நெனைச்சேன். அப்புறம் டாக்டர் கேட்டேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அப்பா செத்த சேதியைச் சொல்லித்தான் என் பிள்ளை போயிற்று, உனக்கு அது நடக்கக் கூடாதென்றுதான் செய்தேன் என்று சொன்னேன். அழுதால் பிள்ளை தங்காது என்றேன்.

ஆவுடை பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள். "மூணு மாசம் தெனமும் அழுதேன் மதினி. நீங்க காதால கேட்டீங்க. என் பிள்ளை மூச்சோடதான பிறந்துச்சு? அப்ப உங்க பிள்ளை நீங்க அழுததால சாகல."

இருபது வருஷமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த வார்த்தை. இவள் வாயிலிருந்து, இப்படியா வர வேண்டும்?

ஜூலை 7

சாத்தூருக்குப் போய்விட்டார்கள். தம்பியும் போனான், என் முகத்தைப் பார்க்காமலே. வைத்தியம் மதுரையில் பார்க்கப் போகிறார்களாம். தாய்மாமன் மூலமாகத் தெரிந்தது. போகிறபோது ஆவுடை அந்தப் போனை எடுத்துக்கொண்டாள். மாடிச் சாவியைக் கேட்டு வாங்கி, கதவைத் திறந்து வைத்துவிட்டு, சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 15

ஆபீஸ். ஏழு பிறப்பு, நான்கு இறப்பு. கத்தரிக்காய்க் குழம்பு, ஒரு ஆளுக்கு வைக்கத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 30

அப்பா போன நாள். மதியம் என் போனுக்கு, என் சொந்த எண்ணுக்கு, ஆவுடையிடமிருந்து ஒரு குரல் வந்திருக்கிறது. முதல் முறை. இரண்டு நிமிஷம் நாற்பது வினாடி. இவ்வளவு நீளமாக அவள் பேசியதே இல்லை. வேலாயுதத்தின் சத்தமும் அதில் இருந்தாலும் இருக்கும். பத்தரை மாதம் முடிந்துவிட்டதே, ஏதாவது ஒரு வார்த்தை வந்திருக்கும். வராமலும் இருக்கும்.

மைக் படம் பச்சையாகவே இருக்கிறது. கேட்டால் நீலமாகும், நான் கேட்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் பதிலுக்குக் காத்திருப்பாள்.

போனை அலமாரியில் அந்தப் பழைய இடத்திலேயே வைத்துப் பூட்டினேன்.